உறவுக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்

திபிலீசியில் ஆகஸ்ட்.
நகராட்சி வண்டி மறித்து நிற்கும் தெருவில்
மக்வாலா குனிந்து இலை பொறுக்குகிறாள்.
மேலே ரம்பம்.
மரத்தூள் அவள் முடியில், கைப்பையில்,
எதிர்க்கடையில் மூட மறந்த மாவில்.

சினார் இலையின் அடியில் ஒரு சுணை உண்டு,
பூனைமயிரைவிட மெல்லியது,
தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
இருமி இருமிப் பொறுக்குகிறாள்.

"எதற்கு?" என்றார் ஜும்பேர்,
ரம்பத்தை அணைத்துவிட்டு.
"இதற்கு உறவு யாரென்று பார்க்க."
அவர் சிரிக்கவில்லை.
"கண்டுபிடித்தால் சொல்லிவிடுங்கள்.
நாளைக்கு வேரையும் எடுத்துவிடுவோம்."

*

உலர்தாவரக் கூடம், மூன்றாம் மாடி.
அல்லி அலமாரியில் அல்லிகளுக்கு நடுவே
ஒரு தாமரை.
இந்த ஊரைக் கடந்து போகும் குரா
காஸ்பியனில் கலக்கும் சதுப்பில்
1931 ஜூலையில் யாரோ பறித்தது.
மை வெளுத்த ருஷ்ய எழுத்தில் பெயர்,
பழுப்பேறிய இதழ், முறம்போல் இலை.

அதே தண்ணீர், அதே சேறு, அதே வட்டம்.
யார் பார்த்தாலும் அக்காள் தங்கை என்பார்கள்.
காப்பாளர் ஓத்தியா
மூச்சை அடக்கி, இடுக்கியால்
நகக்கண் அளவு கிள்ளிக் கொடுத்தார்.
அதற்கு மேல் ஒரு நூல் தரமாட்டார்.

*

திரவ நைட்ரஜனில் உறைந்த இலை
கல்லுரலில் கண்ணாடிபோல் நொறுங்கியது.
குளோரோஃபார்ம் வாடை கோட்டில் ஏறி வீடுவரை வந்தது.
புதன்கிழமை மின்சாரம் போய்
முதலிலிருந்து எல்லாம்.

முப்பத்துமூன்று எழுத்தில்
கடன் கேட்கவும் காதலிக்கவும் தெரிந்த ஊரில்
இயந்திரத்துக்கு நாலே எழுத்து.
ஏ, டி, ஜி, சி.
ராத்திரி முழுக்க அதே நாலைக் கொட்டியது.

சினார் நீளநீளமாக வந்தது.
தாமரையோ
எலி கடித்த ரசீதுக்கட்டு.
துண்டுக்குத் துண்டு எங்கே ஒட்டுமென்று
கணினி தேடித் தேடி அடுக்கியது.

பிறகு திரையில் ஒரு மரம்.
இலையில்லாத, கிளைகள் மட்டுமான மரம்.

அல்லி அடியிலேயே பிரிந்து தன் வழியில் போயிருந்தது.
தாமரை அதன் பக்கம் திரும்பவில்லை.
உயரே, வேறொரு கிளையில்,
சினாருக்கும்
தெற்கே கேப் மலையில் பூக்கும் புரோட்டியாவுக்கும்
மூன்றாவதாக நின்றது.

குழாயை மாற்றி வைத்துவிட்டேன் போல, என்றாள் தனக்குள்.
மறுபடி அரைத்தாள். மறுபடி குளோரோஃபார்ம்.
மறுபடி அதே கிளை.
முட்டியின்மேல் நூற்றுக்கு நூறு.

புதுச் செய்தி ஒன்றுமில்லை,
முப்பது வருடமாகப் பாடநூலில் இருப்பதுதான்.
ஆனாலும்
நிழலில் நின்று பேருந்துக்குக் காத்திருந்த மரம்
சொல்லிக் கேட்பது இப்போதுதான்.

குளம் யாரையும் அப்படித்தான் ஆக்கும்.
இலையை வட்டமாக்கும், காம்பை நீட்டும்,
வந்தவரையெல்லாம் ஒரே சாயலுக்குப் பழக்கும்.
தெருவும் சும்மா இருக்குமா,
சினாரை மேப்பிள் என்று
எத்தனை பேர் படமெடுத்துப் போயிருக்கிறார்கள்.

பத்துக் கோடி ஆண்டுக்கும் முன்னால்
ஒரே வீடு.
சேற்றில் இறங்கியது ஒன்று,
கரையில் நின்றது ஒன்று.

*

ஓத்தியா தாளைப் படித்தார்.
நாற்பது அலமாரியை நகர்த்த முடியாது, என்றார்.
சாவியைத் தேடினார்.
ஒரு கோப்பை மட்டும், இரண்டு கையிலும் ஏந்தி,
அல்லியிலிருந்து எடுத்துக்கொண்டு
கூடத்தின் மறு கோடிக்கு நடந்தார்.

சினார் தட்டில்
கிரிமியா இருந்தது, ஷிராஸ் இருந்தது,
கீழே இருக்கும் தெரு இல்லை.

கைப்பையின் அடியில் ஓர் இலை மிச்சம்,
சாவிக்கும் சீப்புக்கும் நடுவே மடங்கியது.
மக்வாலா அதை நீவி ஒட்டினாள். இருமினாள்.
தேதி எழுதினாள். தெருவின் பெயர் எழுதினாள்.
குறிப்பு: மரம் இப்போது இல்லை.
சேகரித்தவர் என்ற இடத்தில்
கொஞ்சம் நின்று யோசித்து
ஜும்பேர், நகராட்சி, என்று எழுதி

தாமரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.